சென்னையை விட்டுட்டு ஊர்ப் பக்கமே போயிடலாமா? கிளம்பும் முன் போட வேண்டிய கணக்கு இதுதான்!

பொங்கல் லீவு முடிஞ்சு சென்னைக்குத் திரும்பும் இரவு. பரனூர் சுங்கச்சாவடியில் வண்டி நத்தை மாதிரி நகர்கிறது. பின் சீட்டில் குழந்தை தூங்கிவிட்டது. காலையில் ஆபீஸ் போக வேண்டும். அப்போது காருக்குள் யாராவது ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்பார்: "பேசாம ஊர்லயே இருந்துடலாமா?"

ஒவ்வொரு பண்டிகைக்கும் இந்தக் கேள்வி வரும். மறுநாள் வேலையில் மறந்தும் போகும். ஆனால் கொரோனா காலத்தில் லேப்டாப்போடு ஊருக்குப் போய் வேலை பார்த்தவர்களுக்கு இது வெறும் ஆசை இல்லை, செய்து பார்த்த விஷயம். அதனால் இப்போது பல வீடுகளில் இதை சீரியஸாகவே பேசுகிறார்கள்.

திருச்சி, மதுரை, சேலம், நெல்லை, தஞ்சாவூர் போன்ற ஊர்களுக்குக் குடிபோனால் என்ன லாபம், என்ன நஷ்டம்? விரிவாகப் பார்க்கலாம்.

சின்ன நகரம்னா எது?

முதலில் இதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் இப்போது 25 மாநகராட்சிகள் இருக்கின்றன. புதுக்கோட்டை, நாமக்கல், திருவண்ணாமலை, காரைக்குடி ஆகிய நான்கும் 2024-ல் தரம் உயர்த்தப்பட்டவை. பெயர் ஒன்றுதான், ஆனால் எல்லாம் ஒரே மாதிரி ஊர் இல்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கோவை, மதுரை மாநகராட்சிகளில் தலா 10 லட்சத்துக்கு மேல் மக்கள். திருச்சியிலும் சேலத்திலும் 8 லட்சத்துக்கு மேல். நெல்லையில் சுமார் 4.7 லட்சம். தஞ்சாவூரில் 2.2 லட்சம்தான். அதன் பிறகு எல்லா ஊரும் வளர்ந்திருக்கிறது. ஆனாலும் கோவைக்குப் போவதும் தஞ்சாவூருக்குப் போவதும் ஒன்றல்ல.

மத்திய அரசே ஊர்களை மூன்றாகப் பிரித்துத்தான் வீட்டு வாடகைப்படி தருகிறது. சென்னை 'எக்ஸ்' பிரிவு. அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதம். மதுரை, திருச்சி, சேலம் போன்றவை 'ஒய்', 20 சதவீதம். தஞ்சாவூர், நாகர்கோவில் போன்றவை 'இசட்', 10 சதவீதம். அடிப்படைச் சம்பளம் 50,000 ரூபாய் என்றால் சென்னையில் 15,000, மதுரையில் 10,000, தஞ்சாவூரில் 5,000 ரூபாய். டிரான்ஸ்ஃபர் கேட்கும் மத்திய அரசு ஊழியர்கள் இந்த வித்தியாசத்தை மனதில் வைப்பது நல்லது.

வாடகை மிச்சம் ஆகும், ஆனா...

ஊருக்குப் போகலாம் என்பவர்கள் முதலில் சொல்லும் காரணம் வாடகை. அது உண்மைதான். அதே இரண்டு பெட்ரூம் வீடு, சின்ன நகரத்தில் கணிசமாகக் குறைந்த வாடகைக்குக் கிடைக்கும். சொந்த வீடு இருந்தால் அந்தச் செலவே இல்லை.

அட்வான்ஸ் விஷயத்தில் ஒரு தகவல். சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்கும் பழக்கம் நெடுநாளாக உண்டு. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி பேசிக்கொள்ளாத பட்சத்தில், மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. எந்த ஊருக்குப் போனாலும் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் அவசியம். "நம்ம ஊரு ஆளு, எதுக்கு பேப்பர்?" என்று விட்டுவிட வேண்டாம்.

இன்னொரு பக்கம் வரி. பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு வீட்டு வாடகைப்படி வரிவிலக்கின் ஒரு வரம்பு, சென்னையில் அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம். திருச்சி, மதுரை என்றால் 40 சதவீதம். வாடகை குறைந்தால் விலக்கும் சேர்ந்து குறையும். புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்கு இந்த விலக்கே கிடையாது என்பதால் அவர்களுக்கு இதில் மாற்றம் இல்லை.

சம்பளம் எங்கிருந்து வருது? அதுதான் கேள்வி

இந்த முடிவில் மிக முக்கியமான இடம் இதுதான். ஊருக்குப் போகிறவர்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை: ஊரில் உட்கார்ந்து சென்னை, பெங்களூரு சம்பளம் வாங்குபவர்கள். ஒர்க் ஃப்ரம் ஹோம் நீடிக்கும் வரை இவர்களுக்குத்தான் அதிக லாபம். ஆனால் கொரோனாவுக்குப் பிறகு பல ஐ.டி. நிறுவனங்கள் ஊழியர்களைத் திரும்ப ஆபீஸுக்கு அழைத்துவிட்டன. மேனேஜர் வாய்மொழியாகச் சொன்னதை நம்பி வீட்டைக் காலி செய்வது ஆபத்து. வீட்டிலிருந்து வேலை என்பது பணி ஆணையிலோ, ஹெச்.ஆர். மின்னஞ்சலிலோ எழுத்தாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது வகை: டிரான்ஸ்ஃபரில் போகும் அரசு, வங்கி, ரயில்வே ஊழியர்கள். சம்பளம் பெரிதாகக் குறையாது. அடுத்த டிரான்ஸ்ஃபர் எப்போது வரும் என்பது மட்டும்தான் இவர்கள் கவலை.

மூன்றாவது வகை: ஊரிலேயே புது வேலை தேடுபவர்கள். இவர்கள்தான் அதிகம் யோசிக்க வேண்டும். பெரும்பாலும் அதே வேலைக்கு ஊரில் சம்பளம் குறைவு.

வேலை வாய்ப்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கோவை, திருச்சி, மதுரை, சேலம், நெல்லை கங்கைகொண்டான் ஆகிய இடங்களில் எல்காட் ஐ.டி. வளாகங்கள் இருக்கின்றன. 2024-ல் விழுப்புரம் மாவட்டம், தஞ்சாவூர், சேலம், தூத்துக்குடி என அடுத்தடுத்து டைடல் நியோ எனும் மினி டைடல் பூங்காக்கள் திறக்கப்பட்டன. தென்காசி பக்கம் மத்தளம்பாறை கிராமத்தில் ஜோஹோ நிறுவனம் பல வருடங்களாகவே அலுவலகம் நடத்தி வருகிறது.

ஆனால் இங்கே கேட்க வேண்டிய கேள்வி "எனக்கு ஒரு வேலை கிடைக்குமா?" என்பது அல்ல. "அந்த வேலை போனால், அதே ஊரில் இன்னொரு வேலை கிடைக்குமா?" என்பதுதான். சென்னையில் தரமணியில் ஒரு கம்பெனி சரிப்பட்டு வரவில்லை என்றால் சிறுசேரியில் இன்னொன்று, போரூரில் மற்றொன்று. வீடு மாற வேண்டாம், குழந்தையின் ஸ்கூல் மாற வேண்டாம். சின்ன நகரத்தில் உங்கள் துறையில் இருப்பதே இரண்டு கம்பெனி என்றால், வேலை மாறுவது என்பது ஊரையே மாற்றுவதாகிவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. வேறு வழியில்லை என்று தெரிந்த ஊழியருக்கு முதலாளி சம்பள உயர்வு தர அவசரப்பட மாட்டார்.

துறையைப் பொறுத்து ஊரும் மாறும். பின்னலாடைத் தொழிலில் இருப்பவருக்கு திருப்பூர்தான் தலைநகரம். பம்ப், மோட்டார், இயந்திர உதிரிபாகம் என்றால் கோவை. கனரக ஃபேப்ரிகேஷன் வேலைக்கு பெல் நிறுவனம் இருக்கும் திருச்சி. டாக்டர், நர்ஸ், ஆசிரியர், கணக்காளர் போன்றவர்களுக்கு எந்த ஊரிலும் வேலை உண்டு. விளம்பரம், சினிமா, மீடியா, பெரிய கார்ப்பரேட் சட்டம் போன்றவற்றில் இருப்பவர்களுக்கு சென்னையை விட்டால் வாய்ப்பு மிகவும் சுருங்கும்.

வீட்டில் இரண்டாவது சம்பளம் என்ன ஆகும்?

பல குடும்பங்கள் கணக்குப் போடும்போது விட்டுவிடும் இடம் இது. ஒரு உதாரணம் பார்க்கலாம். எண்கள் கற்பனைதான்; உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

கணவருக்குச் சம்பளம் 60,000. மனைவிக்கு 35,000. சென்னை வாடகை 20,000. திருச்சியில் அதே மாதிரி வீடு 11,000. வாடகையில் மாதம் 9,000 ரூபாய் மிச்சம்.

கணவருக்கு திருச்சியில் 52,000 ரூபாய்க்கு வேலை கிடைக்கிறது. அதில் 8,000 நஷ்டம். 9,000 மிச்சத்தில் 8,000 போனால் மீதி 1,000 ரூபாய். பரவாயில்லை, நிம்மதியாவது கிடைக்கும் என்று தோன்றும்.

இப்போது மனைவியின் வேலையைச் சேர்த்துப் பாருங்கள். அவருக்கு அங்கே 18,000 ரூபாய் வேலைதான் கிடைக்கிறது என்றால், 17,000 நஷ்டம். மொத்தத்தில் குடும்பத்துக்கு மாதம் 16,000 ரூபாய் குறைகிறது. வேலையே கிடைக்கவில்லை என்றால் 34,000.

நடைமுறையில் என்ன நடக்கிறது? கணவரின் வேலையை உறுதி செய்துவிட்டுக் கிளம்புகிறார்கள். "நீ அங்க போய் பாத்துக்கலாம்" என்பதுதான் மனைவிக்குச் சொல்லப்படும் பதில். போன பிறகு மாமனார், மாமியார், குழந்தை, வீடு என்று நாட்கள் ஓடும். இரண்டு வருட இடைவெளி விழுந்துவிட்டால் மறுபடி பழைய இடத்தைப் பிடிப்பது கஷ்டம். அதனால் இருவர் வேலையையும் முடிவு செய்த பிறகே லாரிக்குச் சொல்வது நல்லது. வேலையை விட அவருக்கே விருப்பம் என்றால் அது வேறு. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், நாமாக நினைத்துக்கொள்ளக் கூடாது.

குழந்தை படிப்பு: எந்த வருஷம் மாறுவது?

ஸ்கூல் ஃபீஸ் பெரும்பாலும் சென்னையைவிடக் குறையும். வீட்டுக்கும் பள்ளிக்கும் தூரமும் குறையும். ஆனால் எப்போது மாற்றுகிறோம் என்பது முக்கியம்.

சி.பி.எஸ்.இ. மாணவர்களை 9, 11-ம் வகுப்பில்தான் வாரியத்தில் பதிவு செய்வார்கள். அதற்குப் பிறகு 10, 12-ம் வகுப்பில் நேரடியாகப் பள்ளி மாறுவதற்குக் கட்டுப்பாடுகள் இருக்கின்றன. அந்த வருடங்களில் குடிபெயராமல் இருப்பதே நல்லது.

அரசுப் பள்ளியில் சேர்க்க நினைப்பவர்களுக்கு 6-ம் வகுப்புதான் முக்கியமான கட்டம். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, 6-ம் வகுப்பு முதல் 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. கல்லூரி மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்துக்கும் 6-ம் வகுப்பு முதல் படித்த பள்ளி கணக்கில் வரும். 8-ம் வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தால் இந்த வாய்ப்பு கைவிட்டுப் போகலாம்.

கல்லூரிக்கு எல்லாரும் சென்னைக்குத்தான் ஓட வேண்டும் என்பதில்லை. என்.ஐ.டி. இருப்பது திருச்சியில். மதுரையில் 2023 ஜூலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்ட பிறகு போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கும் ஒரு நல்ல இடம் கிடைத்திருக்கிறது. ஆனால் நீச்சல், செஸ், கிளாசிக்கல் டான்ஸ், ஸ்பெஷல் எஜுகேட்டர், ஸ்பீச் தெரபி என்று குறிப்பிட்ட பயிற்சி தேவைப்படும் குழந்தை என்றால், அந்த ஊரில் அது இருக்கிறதா என்று முதலில் விசாரித்துவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சு வலி வந்தா?

வயதான அப்பா, அம்மாவுக்காகத்தான் பலர் ஊருக்குத் திரும்ப நினைக்கிறார்கள். அதனால் மருத்துவ வசதியைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நிலைமை முன்பைவிட நன்றாகவே இருக்கிறது. 2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. மதுரை, தஞ்சாவூர், நெல்லை அரசு மருத்துவக் கல்லூரிகளில் சூப்பர் ஸ்பெஷாலிட்டி பிரிவுகள் இருக்கின்றன. கண் சிகிச்சைக்கு சென்னையிலிருந்தே மதுரை அரவிந்த் மருத்துவமனைக்குப் போகிறார்கள். வேலூர் சி.எம்.சி. பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மறுபக்கம், மதுரை தோப்பூரில் எய்ம்ஸ் மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டியது 2019 ஜனவரியில். முதல் பேட்ச் மாணவர்களின் வகுப்புகள் 2022-ல் ராமநாதபுரத்தில் வைத்துத்தான் தொடங்கின. அறிவிப்பை நம்பி ஊர் மாறக் கூடாது, இன்று திறந்திருக்கும் கதவை மட்டும் நம்ப வேண்டும் என்பதற்கு இது ஒரு பாடம்.

ஊரில் ஆஸ்பத்திரி இருக்கிறதா என்று கேட்டால் போதாது. கேட்க வேண்டியது இவை:

• நடு இரவில் மாரடைப்புக்கு ஆஞ்சியோ செய்யும் வசதியும் டாக்டரும் இருக்கும் ஆஸ்பத்திரி எது? வீட்டிலிருந்து எத்தனை நிமிடம்?

• பக்கவாதம் வந்தால் உடனே ஸ்கேன் எடுத்து சிகிச்சை தரும் இடம் எது?

• டயாலிசிஸ், கீமோ போன்ற தொடர் சிகிச்சை அங்கேயே கிடைக்குமா?

• கம்பெனி இன்சூரன்ஸில் கேஷ்லெஸ் வசதி அந்த ஊரில் எந்த ஆஸ்பத்திரியில் செல்லும்?

மிச்சமாகும் நேரம்

ஊரில் இருப்பதால் கிடைக்கும் பெரிய லாபம் நேரம்தான். சென்னையில் தாம்பரத்திலிருந்து அம்பத்தூர் போய் வருபவருக்கு ஒரு நாளில் இரண்டு, மூன்று மணி நேரம் ரோட்டிலேயே போகும். தஞ்சாவூரில் டூ வீலரை எடுத்தால் பெரும்பாலான இடங்களுக்கு இருபது நிமிடம். மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம். குழந்தை தூங்கும் முன் வீட்டில் இருக்கலாம். இதற்கு விலை போட முடியாது.

ஆனால் மெட்ரோவும் மின்சார ரயிலும் கிடையாது. டவுன் பஸ் இருக்கிறது, சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. எனினும் பல தடங்களில் இரவு சீக்கிரமே கடைசி பஸ் போய்விடும். வீட்டில் இருவர் வேலைக்குப் போனால் இரண்டு வண்டி தேவைப்படும்.

சென்னைக்கு வந்து போவது இப்போது எளிது. 2023 செப்டம்பரில் தொடங்கிய எழும்பூர்–நெல்லை வந்தே பாரத் ரயிலில் திருச்சிக்கு சுமார் 4 மணி நேரம்தான். ஆனால் டிக்கெட் கிடைக்க வேண்டுமே! 2024 நவம்பர் முதல் முன்பதிவு காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. திடீர் மீட்டிங்குக்கு தட்கலும் ஆம்னி பஸ்ஸும்தான் கதி. மாதம் இரண்டு முறை ஆபீஸ் வரச் சொன்னால், பயணமும் தங்கும் செலவும் வாடகை மிச்சத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும்.

தண்ணி, வெயில், கரண்ட்

2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றது யாருக்கும் மறந்திருக்காது. காவிரிக் கரையில் இருக்கும் திருச்சியும் தாமிரபரணிக் கரையில் இருக்கும் நெல்லையும் அந்த வகையில் கொடுத்துவைத்தவை. ஆனால் புதிதாக வளர்ந்த புறநகர் நகர்களில் குழாய் இணைப்பும் பாதாள சாக்கடையும் வந்துவிட்டதா என்று தெருவிலேயே போய்க் கேட்க வேண்டும்.

வெள்ளம் சென்னைக்கு மட்டும் சொந்தமில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னை மூழ்கிய இரண்டே வாரத்தில் நெல்லையும் தூத்துக்குடியும் மூழ்கின. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை பெய்தது. வீடு பார்க்கும்போது அந்த டிசம்பரில் தண்ணீர் எதுவரை வந்தது என்று பக்கத்து வீட்டில் விசாரியுங்கள். வீட்டு உரிமையாளரிடம் மட்டும் கேட்க வேண்டாம்.

வெயிலும் அப்படித்தான். சென்னையில் பிற்பகலில் கடல்காற்று வரும். திருச்சி, மதுரை, சேலம், வேலூரில் அது கிடையாது. மே மாதத்தில் ஏ.சி. கரண்ட் பில் ஏறும். மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்க மின்சாரம் நிறுத்தும் நாளில் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கு இன்வெர்ட்டரும் இரண்டாவது இணைய இணைப்பும் கட்டாயம்.

"எந்த ஊரு? யாரு வீட்டுப் பிள்ளை?"

ஊரில் மனிதர்கள் அருகில் இருப்பார்கள். உடம்பு சரியில்லை என்றால் பக்கத்து வீட்டிலிருந்து ரசம் வரும். ஊருக்குப் போயிருந்தால் பால் பாக்கெட்டை எடுத்து வைப்பார்கள். சென்னை அபார்ட்மென்ட்டில் பல வருடம் இருந்தும் எதிர் வீட்டுக்காரர் பெயர் தெரியாதவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

அதே ஊரில் கேள்வியும் அதிகம். வீடு வாடகைக்குக் கேட்டால் சாதியை சுற்றி வளைத்தோ நேராகவோ விசாரிப்பவர்கள் உண்டு. சென்னையிலும் இது இருக்கிறது. ஆனால் அங்கே பத்து வீட்டில் ஒன்றாவது அமையும். கலப்புத் திருமணம் செய்தவர்கள், தனியாக வசிக்கும் பெண்கள், விவாகரத்தானவர்கள், இரவு ஷிப்ட் வேலை பார்க்கும் பெண்கள் இவர்களுக்கெல்லாம் சின்ன ஊரின் பார்வை பாரமாகலாம். உறவுக்காரர்கள் பக்கத்தில் இருப்பது பலம். அதுவே வாரம் ஒரு விசேஷம், மொய், பஞ்சாயத்து என்றும் வரும்.

போறதுக்கு முன்னாடி இதைச் செய்ங்க

• முதலில் மூன்று மாதம் வாடகை வீட்டில் இருந்து பாருங்கள். அதில் ஒன்று மே மாதமாக இருக்கட்டும். பண்டிகை லீவில் பார்க்கும் ஊர் வேறு, திங்கட்கிழமை காலையில் பார்க்கும் ஊர் வேறு.

• சென்னையில் சொந்த வீடு இருந்தால் விற்க அவசரப்பட வேண்டாம். வாடகைக்கு விடுங்கள். விற்றுவிட்டால் அதே இடத்தில் மறுபடி வாங்குவது கஷ்டம்.

• போன உடனே மனை வாங்க வேண்டாம். ஒரு வருடம் கழித்து பட்டா, வில்லங்கச் சான்று, டி.டி.சி.பி. அங்கீகாரம், ரெரா பதிவு எல்லாம் பார்த்து வாங்கலாம்.

• ஆறு மாதச் செலவுக்கான பணத்தைத் தனியாக வையுங்கள். அடுத்த வேலை கிடைக்கத் தாமதமாகும் ஊரில் இதுதான் துணை.

• ஆதார், ரேஷன் கார்டு, கேஸ் இணைப்பு, ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றிலும் முகவரி மாற்றுங்கள். வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8 கொடுக்க வேண்டும்.

கடைசியா, யாருக்கு ஒத்துவரும்?

இருவர் சம்பளமும் உறுதியாக இருக்கும் குடும்பம், டிரான்ஸ்ஃபரில் போகும் அரசு ஊழியர், எந்த ஊரிலும் தேவைப்படும் தொழில் தெரிந்தவர், பென்ஷன் வாங்குபவர், இவர்களுக்கெல்லாம் ஊர் மாற்றம் பெரும்பாலும் நல்லதே செய்யும். சேமிப்பு கூடும், நேரம் கிடைக்கும், பெற்றோர் பக்கத்தில் இருப்பார்கள்.

வேலையின் ஆரம்பக் கட்டத்தில் இருப்பவர், அடிக்கடி கம்பெனி மாறினால்தான் சம்பளம் ஏறும் துறையில் இருப்பவர், 10 அல்லது 12-ம் வகுப்பில் பிள்ளை இருக்கும் வீடு, தொடர் சிகிச்சைக்குச் சென்னை ஆஸ்பத்திரியை நம்பி இருப்பவர், இவர்கள் கொஞ்சம் பொறுப்பது நல்லது.

அடுத்த முறை பரனூரில் வண்டி நிற்கும்போது அந்தக் கேள்வி வந்தால், வாடகையிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். "இந்த வேலை போனா அந்த ஊர்ல அடுத்து என்ன பண்ணுவோம்?" என்று இருவரும் சேர்ந்து கேட்டுப் பாருங்கள். அதற்கு இரண்டு பேரிடமும் பதில் இருந்தால், தாராளமாக லாரிக்குச் சொல்லலாம்.